ஜவுளிக்கடையில் வைத்த வணக்கம்

போன மாதம் ஒருவர் எனக்குப் போன் செய்தார். சுகாதாரத் துறையில் தொழுநோய்ப் பிரிவில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது அவருக்கு. கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறார். நான் அதே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சந்தேகம் வந்தால் கூப்பிடுவார். அன்றைக்குச் சந்தேகம் எதுவும் கேட்கவில்லை, குறைபட்டுக்கொண்டார். ஒரு கல்யாண மண்டபத்தில், தன்னிடம் மாதாமாதம் மருந்து வாங்குகிற மனிதர் ஒருவரைப் பார்த்தாராம். பந்தியில் எதிர் வரிசை. இவர் கையை உயர்த்தி நலம் விசாரித்தாராம். அந்த மனிதர் இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து போய்விட்டாராம். “மேனர்ஸே தெரியல சார் அந்த ஆளுக்கு” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். “அந்த ஆளுக்கு இல்லய்யா, உனக்குத்தான் தெரியல” என்று கத்திவிட்டேன். என்னவோ ஏதோ என்று என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அவரைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை? அவர் செய்ததை நான் எழுபதுகளில் அவரைவிடப் பிரமாதமாகச் செய்தவன். அவர் கெடுத்தது ஒரு மனிதரின் சாப்பாட்டை. நான் கெடுக்க இருந்தது ஒரு பெண்ணின் கல்யாணத்தை. மறுநாள் நானே அவரைக் கூப்பிட்டு முழுக்கதையையும் சொன்னேன். எழுதிவிடுங்கள் சார் என்றார். எழுதுகிறேன்.

என் பெயர் சாலமன். செங்கல்பட்டுக்காரன். அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். நான் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவி, லாரி ஷெட்டில் கணக்கெழுதி, முப்பத்திரண்டாவது வயதில்தான் அரசாங்க வேலைக்கு வந்தேன். ஆறு மாதப் பயிற்சி. தேமல் என்றால் என்ன, உணர்ச்சி இல்லாத தேமலை எப்படிக் கண்டுபிடிப்பது, முழங்கையில் நரம்பு தடித்திருந்தால் விரலுக்கு எப்படித் தெரியும், எந்த வயதுக்கு எத்தனை மாத்திரை, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் நல்ல மார்க். ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். பஸ் டிரைவர், போலீஸ்காரர், கீரைக்காரி யாராக இருந்தாலும் நூறு அடி தூரத்திலேயே கையைத் தூக்கிவிடுவேன். இந்த மாதிரி ஆளை இந்த மாதிரி வேலைக்கு எடுத்தது யார் குற்றம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்கு மேற்பார்வையாளர் வசந்தா மேடம். என்னைவிட ஐந்து வயது சின்னவர். முதல் நாள் அவரைப் பார்த்ததும், இந்தப் பொம்பளைப் பிள்ளையிடமா நான் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். ஒல்லியான உருவம், கறுப்புக் குடை, மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிய வாட்ச். குரல் உயரவே உயராது. எங்கள் பக்கத்துப் பேச்சு எப்படி என்று தெரியுமல்லவா? ‘இன்னாய்யா’, ‘யோவ்’, ‘குந்து’ என்றுதான் எங்களுக்குப் பாசமே வரும். இவரோ விரல் மடங்கிப்போய் ரயிலடியில் பிச்சையெடுக்கிற பெரியவரைக்கூட, “வாங்கய்யா, உட்காருங்க” என்பார். அந்த ‘ங்க’வைக் கேட்டு அந்தப் பெரியவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சேர்ந்த மறுநாளே மேடம் என்னை ஆபீஸ் வாசலுக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அவர் வீட்டுக்காரி, நான் சோதனைக்கு வருகிறவன். உள்ளே நுழைய வேண்டும். நான் ‘வணக்கம்!’ என்று கதவைத் தள்ளினேன். போய் மறுபடி வாருங்கள் என்றார். மறுபடி போனேன். அன்றைக்குப் பதினாலு தடவை நுழைந்தேன். எதிர்க்கடைக்காரர் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். அவமானத்தில் காது சிவந்துவிட்டது. ஆனால் அந்தப் பதினாலு தடவையில் கற்றதுதான் இருபத்தாறு வருடம் சோறு போட்டது.

அந்த முறையை அப்படியே சொல்கிறேன். முதலில் சைக்கிள். நோயாளி வீட்டு வாசலில் அதை நிறுத்தவே கூடாது. தெருமுனை டீக்கடையோடு சரி. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு குப்பத்தில் மாதாமாதம் ஒரே வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்திருக்கிறார். ஆறு மாதத்தில் அந்த வீட்டுக்காரியிடம் ஒருவரும் மீன் வாங்கவில்லை. அவர்கள் ஊரையே விட்டுப் போனார்கள்.

அடுத்தது, ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு முந்தின மூன்று வீட்டுக்கும் பிந்தின மூன்று வீட்டுக்கும் போயாக வேண்டும். எல்லா வீட்டிலும் அதே நேரம், அதே பேச்சு. வாசலில் நின்று வரலாமா என்று கேட்டு, வா என்ற பிறகுதான் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே போனால் கண் சுவரில் மேயக் கூடாது. கொடுத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். நோயின் பெயர் வாயில் வரவே கூடாது, ‘தேமல்’ போதும். ஆண்களை நான் பார்ப்பேன், பெண்களை மேடம் புழக்கடை வெளிச்சத்தில் தனியாக உட்காரவைத்துப் பார்ப்பார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சு நுனியால் லேசாகத் தொடுவார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியாது. அதே முகத்தோடு அடுத்த இடத்தைத் தொடுவார்.

கை கழுவுவதில்தான் நான் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். தொடுவதற்கு முன்னால், அவர்கள் பார்க்கக் கழுவ வேண்டும். தொட்ட பிறகு அவர்கள் கண்ணெதிரே கழுவக் கூடாது. டீக்கடைக்கு வந்து கழுவிக்கொள்ளலாம். எங்கள் அப்பாவின் கை பட்ட படிக்கட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவிய வீடுகள் எனக்குத் தெரியும். அதனால் மேடம் இதற்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோது, வேண்டாம் மேடம், புரிந்துவிட்டது என்றேன். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. வெளியே, கடைத்தெருவில், பஸ்சில், கோயிலில், கல்யாணத்தில் நம் நோயாளியைப் பார்த்தால் நாம் முதலில் வணக்கம் சொல்லக் கூடாது. சிரிக்கக் கூடாது. அவர்கள் சிரித்தால் நாமும் சிரிக்கலாம். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், முன்பின் தெரியாதவர்போலப் போய்விட வேண்டும். எனக்கு இது உயிர்போகிற வேலை. தெரிந்த முகத்தைப் பார்த்தும் கையைக் கீழேயே வைத்திருப்பதற்காக, ஆபீசில் கொடுத்த காக்கிக் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நம் வீடுகளில் கிளம்பும்போது ‘வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் அப்படிச் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள், நீ வராமல் இருந்தாலே புண்ணியம் என்பார்கள். சிகிச்சை முடிந்து டாக்டர் கார்டை மூடிவிட்டால் மட்டும், கடைசி நாள், “போறேம்மா” என்று சொல்லிவிட்டு வருவோம். அதைச் சொல்லக் கிடைக்கிற நாளில் எனக்குத் தீபாவளிதான்.

இனி பூங்காவனம். மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பம். அப்பா இல்லை. அம்மா தேசம்மா கூடையில் மீன் விற்றுப் பெண்ணை வளர்த்தவள். பதினைந்து வயதில் பூங்காவனத்துக்கு இடது முழங்கைக்கு மேலே, எட்டணாக் காசு அளவுக்கு ஒரு தேமல். பஞ்சு பட்டது தெரியவில்லை. தொற்றாத வகை. நாலு வருடம் மாத்திரை சாப்பிட்டாள். ஒரு மாதம் தவறியதில்லை. மாத்திரைப் பொட்டலத்தை உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, சொந்த மாமனுக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சேகர், சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பம். அவர்களுக்கும் தெரியாது. சொல்லலாமா என்று தேசம்மா ஒருமுறை மேடத்திடம் கேட்டாள். அது பூங்காவனத்தின் விஷயம், அவள் சொன்னால்தான் உண்டு, நாங்கள் வாய் திறக்க மாட்டோம் என்றார் மேடம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, டாக்டர் பூங்காவனத்தின் கார்டில் கையெழுத்துப் போட்டார். மருந்தை நிறுத்தலாம், பெயரை எடுத்துவிடலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போதே சைக்கிளை எடுக்கட்டுமா என்று கேட்டேன். நாளைக்கு அந்தத் தெரு முறை, நாளைக்குப் போனால் போதும் என்றார் மேடம். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மொதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க. வேற யாருக்கும் இல்ல” என்றார். என்னை அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்க பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைகிறேன். உள்ளே விரித்த பாயில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள். கடைக்காரப் பையன் புடவையாகப் பிரித்துப் போடுகிறான். நடுவில் பூங்காவனம். தோளில் அரக்கு நிறப் புடவை ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்த நிறத்தில் அவள் முகம் ஜொலித்தது. ஐயோ, அந்த நிமிஷத்தை என்ன சொல்வேன்! கைப்பையை மறந்தேன், மேடத்தை மறந்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, “வணக்கம் பூங்காவனம்! நல்லா இருக்கியா?” என்றேன்.

பூங்காவனம் என்னைப் பார்க்கவில்லை. அவள் கழுத்து மட்டும் விறைத்தது. தோளிலிருந்த புடவை சரிந்து மடியில் விழுந்தது. தேசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா அஞ்சலை திரும்பினாள். அவள் கருவாட்டுக் கூடையோடு குப்பம் குப்பமாக நடக்கிறவள். என் சைக்கிளைத் தெரியாத ஆளா? என் முகத்தைப் பார்த்தாள், காக்கிப் பையைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள்.

“நீ தேமல் பாக்கற சாருதானே?” என்றாள்.

நான் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். மறைத்ததே பதிலாகிவிட்டது. அஞ்சலை அந்த அரக்குப் புடவையைத் தானே எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்து, கடைக்காரனிடம் கொடுத்தாள். இன்றைக்கு நாள் சரியில்லை, அப்புறம் வருகிறோம் என்று எழுந்தாள். பத்துப் பேரும் எழுந்தார்கள். பூங்காவனம் என்னைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். போனாள். முன்பின் தெரியாத ஆளைக் கடப்பதுபோல, முறைப்படி.

ஆபீசுக்கு ஓடினேன். மேடம் பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே கொட்டித் தீர்த்தேன். திட்டுவார், நோட்டீஸ் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் பூட்டைத் திறந்து, என்னை உட்காரவைத்து, நோயாளியிடம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன வார்த்தை சொன்னேன், எவ்வளவு சத்தமாக, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், அஞ்சலை எழுந்தபோது முகம் எப்படி இருந்தது. எல்லாம் கேட்டுவிட்டுப் பூட்டை மறுபடி கையில் எடுத்தார். “ஊர்ல மத்தவங்க வணக்கம் வெச்சா அது வணக்கம். நாம வெச்சா அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும் சார்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விடியும்போது ஒரு யோசனை வந்தது. பிரமாதமான யோசனை என்று குதித்தே விட்டேன். நான் வணக்கம் வைத்தால்தானே சந்தேகம்? ஊர் மொத்தத்துக்கும் வைத்துவிட்டால்? எவனுக்கு நோய், எவனுக்கு இல்லை என்று யார் கண்டுபிடிப்பார்கள்! பூங்காவனத்தின் தெருவுக்குப் போகவேண்டிய முறையைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கிளம்பினேன். மூன்று நாள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு, திருக்கழுக்குன்றம் சந்தை, மாமல்லபுரம் கோயில் தெரு, போகிற இடமெல்லாம் கண்ணில் பட்டவருக்கெல்லாம் கை உயர்த்தி, நல்லா இருக்கீங்களா! தாசில்தாருக்கு வைத்தேன். சிற்பம் பார்க்க வந்த வெள்ளைக்காரிக்கு வைத்தேன். ஒருவர் என்னை ஓரங்கட்டி, எலக்‌ஷனில் நிற்கப் போகிறீர்களா என்று ரகசியமாகக் கேட்டார். இன்னொருவர் என்னைக் கண்டாலே எதிர்ப்பக்கம் தெருவைத் தாண்டினார். மூன்றாம் நாள் மேடத்தின் காதுக்குப் போய்விட்டது.

செய்த தப்பை வணக்கத்தால் கழுவப் பார்க்கிறீர்கள் என்றார் மேடம். முதலில் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். நீங்களும் வாருங்கள் மேடம் என்று கெஞ்சினேன். உங்கள் மன்னிப்பைக் கேட்க நான் எதற்கு என்றார். குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் திரும்பி, “வழக்கம்போலதான். முன்னாடி மூணு வீடு, பின்னாடி மூணு வீடு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியுமா! நெஞ்சு பட்டாசுபோல அடித்துக்கொள்கிறது. அதோடு முதல் வீட்டில் உட்கார்ந்து ஒரு பெரியவரின் முதுகைப் பார்க்கிறேன். அவர் நிதானமாகத் தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்கிறார். இரண்டாவது வீட்டில் மோர் கொடுத்தார்கள், குடித்தேன். மூன்றாவது வீட்டில் ஆள் இல்லை. நான்காவது வாசலில் நின்று வரலாமா என்று கேட்டபோது எனக்கே என் குரல் கேட்கவில்லை.

தேசம்மா வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. பூங்காவனம் மீன் அலசிக்கொண்டிருந்தவள், கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்தாள். அஞ்சலை வீட்டிலிருந்து நாலு நாளாக ஒரு சேதியும் இல்லை என்று தேசம்மா முணுமுணுத்தாள். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நல்ல நல்ல வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று, புதன்கிழமை காலை டாக்டர் கார்டை மூடியதைச் சொன்னேன். நோய் போய்விட்டது, மாத்திரை இனி வேண்டாம், அந்தச் சந்தோஷத்தில்தான் என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. நாலு வருடம். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியாமல் கையெல்லாம் மீன் வாடை. அப்புறம் கோபம் வந்தது.

“எனுக்குத் தெரியறதுக்கு மின்னாடி கடையில கீறவங்களுக்கெல்லாம் சொல்லிட்ட. என் நோவு சார் அது. போனதும் என்னுதுதானே?”

அவள் உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். நாளைக் காலை முதல் பஸ்சில் அஞ்சலை வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னாள். தேசம்மா பதறிப்போனாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிப்பதா, ஊர் என்ன பேசும் என்றாள். அவள் கேட்கவில்லை. என்னையும் வரச் சொன்னாள், டாக்டர் கையெழுத்துப் போட்ட கார்டோடு.

“ஆனா பஸ்சுல என்ன உனுக்குத் தெரியாது. நான் கூப்புட்டாத்தான் வரணும்” என்றாள்.

மீதி மூன்று வீட்டையும் எப்படிப் பார்த்தேன் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். நேராக மேடத்தின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கார்டை எடுத்துப்போகலாமா? மேடம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்தப் பெண் கேட்டால் அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள், மாமியார் கேட்டால் கொடுக்காதீர்கள் என்றார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, நாளைக்கு என்ன ஆனது என்று எந்நேரமானாலும் வந்து சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் பஸ்சில் தாயும் மகளும் முன்னால். நான் கடைசி சீட்டில், பையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி. சதுரங்கப்பட்டினத்துக்கு முன்னால் இறங்கினோம். அவர்கள் நடக்க, இருபது அடி பின்னால் நான். அஞ்சலை வீட்டு முன்னால் மணலில் வலையை விரித்துக் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் நடந்து வருவதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு வாசல்களில் தலைகள் முளைத்தன. சேகர் பல் குச்சியோடு வெளியே வந்து அப்படியே நின்றான். நான் ஒரு கட்டுமரத்தின் பின்னால் ஒதுங்கினேன்.

வீட்டுக்குள்ளே போகலாமா அத்தை என்று பூங்காவனம் கேட்டாள். அஞ்சலை தலையசைத்தாள். எல்லோரும் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கதவோரம் பூங்காவனத்தின் முகம் தெரிந்தது. கூப்பிட்டாள்.

நான் போனபோது அவள் இடது கையை வெளிச்சத்துக்கு நீட்டியிருந்தாள். முழங்கைக்கு மேலே லேசான வெளுப்பு, அவ்வளவுதான். எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்தது. கார்டை அவள் கையில் கொடுத்தேன். அவள் அஞ்சலையிடம் நீட்டினாள். அஞ்சலை வாங்கவில்லை.

“எனுக்கு எழுத்து தெரியாது. இந்தாளு மூஞ்சியத்தான் கடையிலயே பாத்துட்டனே. நோவு கீற பொண்ணப் பாத்து எவன்யா அப்டி சிரிப்பான்? போயிடுச்சு போலகீதுன்னு அன்னிக்கே நெனச்சேன்.”

தேசம்மா அழ ஆரம்பித்தாள். பிறகு ஏன் புடவையை வைத்துவிட்டு வந்தீர்கள் என்று நான்தான், என் வாய்தான், கேட்டேன்.

பயம்தான் என்றாள் அஞ்சலை. ஒளிக்கவில்லை. ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை என்றாள். யாரைக் கேட்பது? என்னை வந்து கேட்கலாமென்று செங்கல்பட்டுக்குப் பாதி வழி வந்து திரும்பிவிட்டாளாம். “வூட்டுக்கு வர்ற பொண்ண, மின்னாடியே வெளியாளுகிட்ட வெசாரிச்சா அது இன்னா மரியாத? அவளா வாயத் தொறந்தா கேட்டுக்கலாம்னு குந்திகினு இருந்தேன்” என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பயிற்சி கிடையாது, பதினாலு தடவை கதவுக்கு வெளியே போகவில்லை, கருவாடு விற்கிற பெண்பிள்ளை. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு ஐந்து நாள் உட்கார்ந்திருக்கிறாள், கேட்பது முறையில்லை என்று! நான் ஐந்து நொடி கையைக் கீழே வைத்திருக்க முடியாதவன்.

அஞ்சலை மகனைப் பார்த்தாள். உனக்கு என்னடா என்று கண்ணாலேயே கேட்டாள். சேகர் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

“அந்த அரக்குப் பொடவைய வேற யாருக்காச்சும் வித்துருப்பானாம்மா?” என்றான்.

அப்புறம் பாருங்கள், அந்த வீட்டில் நடந்த ரகளையை! காயப்போட்ட கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்காரியின் பொறுப்பில் விட்டார்கள். தேசம்மாவுக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். பெண் ஒரு வாய் கஞ்சி குடிக்காமல் போகக் கூடாது என்று அஞ்சலை கிண்ணத்தோடு துரத்தினாள். அடுத்த பஸ்சைப் பிடிக்க எல்லோரும் மணலில் ஓடினோம். பஸ் கிளம்பிவிட்டது. சேகர் முன்னால் ஓடிப்போய்க் குறுக்கே நின்று நிறுத்தினான். டிரைவர் கண்டபடி திட்டினார். அவர்கள் நாலு பேரும் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தார்கள். நான் கடைசியில் ஏறினேன். பழக்கம் விடுமா? நேராகப் பின்சீட்டுக்குப் போய், பையைக் கட்டிக்கொண்டு, யாரையும் தெரியாதவன்போல ஜன்னலைப் பார்த்தேன். பஸ்சில் கூட்டம். பாதிப்பேர் அக்கம்பக்கத்துக் குப்பத்துக்காரர்கள். என்னை அறிந்தவர்கள்.

பஸ் கொஞ்சதூரம் போயிருக்கும். முன்பக்கத்திலிருந்து அஞ்சலையின் குரல் பஸ்சைப் பிளந்துகொண்டு வந்தது.

“யோவ் சாரு, இன்னாத்துக்கு அங்க தனியா குந்திகினு கீற? இங்க வா.”

மொத்த பஸ்சும் திரும்பியது. கண்டக்டர்கூடத் திரும்பினார். நான் பூங்காவனத்தைப் பார்த்தேன். அவள் சிரித்தாள், எல்லோரும் பார்க்க. அஞ்சலைக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை ஒருத்தி, என்னையும் காக்கிப் பையையும் பார்த்துவிட்டு, யார் அது, உங்களுக்கு என்ன உறவு என்று அஞ்சலையை இழுத்துக் கேட்டாள். கேட்ட விதத்திலேயே விஷயம் இருந்தது. பூங்காவனத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

அஞ்சலை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்க வூட்டு ஆளு. பொண்ணுக்குப் பொடவ எடுக்கப் போறோம்” என்றாள்.

நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்னால் போனேன். சேகர் நகர்ந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ, சந்தோஷத்தில் எதையாவது உளறிவிடுவேனோ என்று பயந்து, செங்கல்பட்டு வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.